ஜிலேபி உன்னை மறக்கவில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொண்டுவந்து தருகிறவர் என் பழைய ரூம்மேட். குவைத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் வருகிறார். நீ வேலை பார்க்கும் மங்காஃப் வழியாகத்தான் போவேன் என்றார். அம்மா எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தாள், நான் இந்த உறையைக் கொடுத்தேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் உன்னோடு இத்தனை வருஷமாகப் பேசியதை எண்ணிப் பார். சாப்பிட்டியா, டியூட்டி எப்படிப் போகுது, இரு அம்மாகிட்ட குடுக்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் வந்ததில்லை. எழுதும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டாம், அது ஒரு வசதி.

போன வாரம் நான்கு நாள் லீவில் வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் பாப்பாவை அள்ளித் தூக்கினாய். மூன்று மாதம் மகளைப் பார்க்காதவன் வேறு என்ன செய்வான்? அவள் வீல் என்று அலறி உன் கையைக் கடித்தாள். நீ வெடுக்கென்று கையை இழுத்து அவளைக் கீழே விட்டாய். ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள், நான் தூக்கிக்கொண்டேன். மருமகள், "அடியே, உன் அப்பாதாண்டி அது" என்று கெஞ்சிப் பார்த்தாள். நான்கு நாளும் பாப்பா உன்னிடம் வரவில்லை. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்னைய மறந்துட்டாப்பா" என்றாய். நான், "சின்னப் புள்ளதானடா, சரியாயிரும்" என்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அப்போது வருத்தமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. நீ சோபாவில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தோளில் கிடந்தவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன். பெற்ற மகன் மேல் ஒருத்தனுக்குப் பொறாமை வருமா என்றால், வரும். எனக்கு வந்தது. ஆனால் நீ போன பிறகு அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. துபாயில் இதே கராமா வீட்டில், இதே ஜன்னல் ஓரத்தில், பதினோரு வயதில் நீ அதையே சொன்னாய். "என்னைய மறந்துருச்சுப்பா." அன்றைக்கு என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. நான் சொல்லவில்லை. இப்போது சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது நான் துபாய்க்கு வந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. முதல் லீவில் திருச்சி ஏர்போர்ட்டில் உன் அம்மா இடுப்பில் இருந்தாய். நான் பின்பக்கமாக வந்து, உன்னை ஆச்சரியப்படுத்துகிறேன் என்று அப்படியே பிடுங்கித் தூக்கினேன். என் மீசையும், பிளைட்டில் பூசிக்கொண்ட சென்ட்டும், நான் போட்ட சத்தமும் உனக்கு எப்படி இருந்திருக்கும்! கையைக் கடித்தாய். நானும் வெடுக்கென்று இழுத்தேன். அதோடு விடவில்லை, அத்தனை பேர் முன்னால் மூக்கு உடைந்த கோபத்தில் உன் தொடையில் ஓர் அடி வைத்தேன். அந்த லீவு முழுக்க நான் வீட்டுக்குள் வந்தால் நீ கொல்லைக்குப் போவாய். பெட்டி நிறையப் பொம்மை வாங்கி வந்திருந்தேன். பொம்மையை எடுத்துக்கொள்வாய், என் பக்கம் திரும்ப மாட்டாய்.

உனக்கு ஒன்பது வயதில் பேமிலி விசா கிடைத்து நீங்கள் இருவரும் இங்கே வந்தீர்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ என்னை "அப்பா" என்று கூப்பிட்டது ஹெட்மாஸ்டரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அம்மாவிடம் ஸ்கூல் கதையெல்லாம் சமையலறையில் கொட்டுவாய். நான் பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். "என்னடா, எனக்கும் சொல்லு" என்பேன். "ஒண்ணுமில்லப்பா" என்பாய். உன் அம்மா மேல்கூட எனக்கு அப்போது கடுப்பு இருந்தது. ஒன்பது வருஷம் உன்னைத் தனியாக வளர்த்தவள் மேல் கடுப்பு, கேள்.

அப்புறம்தான் ஜிலேபி வந்தது. மெட்ரோவுக்குத் தூண்கூட ஊன்றாத காலம். கீழ்த் தளத்தில் இருந்த ஃபிலிப்பினோ தம்பி வேலை முடிந்து ஊருக்குப் போனபோது, கண்ணாடித் தொட்டியோடு அதை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டரை அடி நீளம், ஆரஞ்சு நிறம், விஷமில்லாத ஜாதிப் பாம்பு, எந்நேரமும் சுருண்டே கிடக்கும். அம்மா இரண்டு நாள் ஹாலுக்கே வரவில்லை. "வெளக்கு வச்ச நேரத்துல அது பேர சொல்லாதடா" என்று அவள் திட்டியதால்தான் அதற்கு ஜிலேபி என்று பேர் வைத்தாய். அவளே முதல் வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் பாலைக் கொண்டுவந்து தொட்டிக்குள் வைத்துக் கும்பிட்டாள். "அம்மா, அது பால் குடிக்காதும்மா, எலி திங்கும்" என்று நீ சொன்னதும், "எலியா? என் இட்லி மாவுக்குப் பக்கத்துல எலியா? நான் ஊருக்கே போயிர்றேன்" என்றாள். பிறகு பால்கனியில் ஒரு பழைய குட்டி ஃப்ரீசர் வைத்து, உறைந்த எலிகளை அதில் வைக்க நான் ஏற்பாடு செய்தேன்.

ஏசி மெக்கானிக் நான். இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்டது குளிர்தான். உன் பாம்புக்கு மட்டும் சூடு வேண்டியிருந்தது. கழித்துப்போட்ட யூனிட் ஒன்றிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பல்போடு சேர்த்து, தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் இளஞ்சூடாக இருக்கும்படி செய்து கொடுத்தேன். நீ தொட்டுப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாய். அடுத்த நாள் சைட்டில் இதைப் பத்துப் பேரிடம் சொன்னேன்.

ஜிலேபி மகா பயந்தாங்கொள்ளி. கண்ணாடிப் பக்கம் நிழல் விழுந்தாலே கழுத்தை வளைத்து வாலைப் படபடவென்று அடிக்கும். நெட் கஃபேயில் தேடிப் படித்து, நோட்டில் எழுதி, நீ அதைப் பழக்கிய விதத்தை நான் கதவோரம் நின்று பார்த்தேன். முதல் வாரம் தொடவே இல்லை. தண்ணீர் மாற்றிவிட்டு வந்துவிடுவாய். அடுத்து, நீ போட்டுக் கழற்றிய டிஷர்ட் ஒன்றை உள்ளே போட்டாய். பாம்பு நாக்கால்தான் மோந்து பார்க்கும், ஆளின் வாசனை பழகினால் பயம் போகும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதன் பிறகு தினமும் கையை உள்ளே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாய். அம்மா பார்க்கிற சீரியல் ஒன்று முழுக்க ஓடி முடியும், உன் கை அங்கேயே இருக்கும். மேலேயிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது, பருந்து என்று நினைக்கும், பக்கவாட்டில்தான் போக வேண்டும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் எடுக்கக் கூடாது. தோல் உரிக்கும் சமயம் கண் மங்கலாகும், அப்போது கிட்டேயே போகக் கூடாது. ஒருவேளை கடித்தால் கையை இழுக்கக் கூடாது. இழுத்துவிட்டால், நாம் கடித்தால் இவன் போய்விடுவான் என்று அது கற்றுக்கொள்ளும்.

ஒரு மாதத்தில் அது உன் மணிக்கட்டில் ஏறியது. நீ அதனிடம் கிசுகிசுவென்று பேசினாய். ஸ்கூலில் நடந்தது, மேத்ஸ் டீச்சர் திட்டியது, எல்லாம். என்னிடம் சொல்லாத கதையெல்லாம் காதே இல்லாத ஒரு பிராணிக்கு! எனக்கு வயிறு எரிந்தது. சிரிக்காதே. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கீழே எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன், ஒரு பாம்பின் மேல் பொறாமைப்பட்டேன். இத்தனை பொறுமை இந்தப் பையனுக்கு இருக்கிறதே, அதில் ஒரு கைப்பிடி என்னிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்தப் பொறுமையை நான்தான் உன்னிடம் காட்டியிருக்க வேண்டும் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

ஜூன் கடைசியில் ஸ்கூல் மூடியதும் கராமாவே காலியாகும், உனக்குத் தெரியும். பெண்டாட்டி பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், ஆம்பிளைகள் மட்டும் வெயிலில் கிடப்போம். எங்களைப் போன்றவர்களுக்குச் சம்மர் பேச்சிலர் என்று பேர். அந்த வருஷமும் நீங்கள் இரண்டு மாதத்துக்குக் கிளம்பினீர்கள். அதற்கு முன் மூன்று நாள் நீ ஒரே நீல டிஷர்ட்டைக் கழற்றாமல் போட்டிருந்தாய். அம்மா, "நாத்தம் புடிச்ச பயலே, குளிக்கவாவது செய்" என்று விரட்டினாள். மூன்றாம் நாள் அதைக் கழற்றித் தொட்டிக்குள் வைத்துவிட்டு, என் எதிரில் வந்து நின்று, "அப்பா, எலிய வாரம் ஒண்ணு வைங்க, தண்ணி மாத்துங்க, ஆனா இந்தச் சட்டைய மட்டும் எடுத்துராதீங்க, எடுத்தா ரெண்டு மாசத்துல என் வாசம் அதுக்கு மறந்துரும்" என்றாய். அதுவரை நீ என்னிடம் பேசியதிலேயே அதுதான் மிக நீளமான பேச்சு. ஏர்போர்ட்டிலும், "ஜிலேபிய பாத்துக்கங்கப்பா" என்றாய். மற்ற பிள்ளைகள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் அப்பாக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் நீ சொன்னபடியே செய்தேன். போன் கார்டு வாங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூப்பிடுவேன். அம்மா பேசி முடித்து உன்னிடம் கொடுப்பாள். "ஜிலேபி சாப்புட்டுச்சாப்பா? ஒளிஞ்சிக்கிதா? சட்டைக்குள்ளயே இருக்கா?" கேள்வியெல்லாம் அதைப் பற்றித்தான். மூன்றாவது வெள்ளி, எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். அதைச் சொல்லலாம் என்று "தம்பி, எனக்கு ஒடம்பு..." என்று ஆரம்பித்தேன். "அப்பா, பல்பு எரியுதா, பாருங்க" என்றாய். போனை வைத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். உன் சட்டைக்குள் அது சுகமாகச் சுருண்டு கிடந்தது. என் வீட்டில், என் மகனின் வாசனையில், அது படுத்திருக்கிறது. எனக்கு உன்னுடையது என்று ஒன்றுமே இல்லை. துவைத்து மடித்த துணிதான் அலமாரியில் இருந்தது.

மூடியைத் திறந்து, அது சீறச் சீற, சட்டையை உருவிக்கொண்டேன். முகத்தில் வைத்துக்கொண்டேன். உன் வியர்வை, பென்சில் தூள், அம்மா உனக்குத் தடவும் எண்ணெய். பதினோரு வருஷத்தில் உன் தலையை அவ்வளவு நேரம் நான் மோந்து பார்த்ததில்லை, தம்பி. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அதை என் தலையணை மேல் விரித்துக்கொண்டேன். தொட்டி வெறுமையாக இருக்கக் கூடாதே என்று, டியூட்டியிலிருந்து கழற்றிய என் பனியனை உள்ளே போட்டேன். முதலில் ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு திருப்பி வைக்க மனசு வரவில்லை.

அதன் பிறகு நான் செய்ததில் கொஞ்சம் வஞ்சகமும் இருக்கிறது. உன் நோட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நீ செய்தபடியே ஒன்றுவிடாமல் செய்தேன். டியூட்டி முடிந்து வந்ததும் கையை உள்ளே வைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு முறை கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுக்காமல் இருந்தேன். ஆகஸ்டில் அது என் முழங்கைவரை ஏறியது. குளிர்ந்த, வழுவழுப்பான, கனமே இல்லாத ஒரு ஜீவன், என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அதனிடம் பேசவும் செய்தேன். என் பையன் உன்னிடம் என்னவெல்லாம் சொன்னான், சொல்லு என்று கேட்டிருக்கிறேன்.

நீங்கள் திரும்பி வந்த அன்று காலையில் நீலச் சட்டையைத் தலையணையிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் வைத்தேன். அதில் அப்போது இருந்தது என் தலை வியர்வைதான். நீ வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடினாய். நீ சரியாகத்தான் செய்தாய், பக்கவாட்டில் மெதுவாகத்தான் கையைக் கொண்டுபோனாய். அது கழுத்தை வளைத்துப் பாய்ந்து உன் கட்டைவிரலைக் கடித்தது. நீ கையை இழுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாய், கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது. "என்னைய மறந்துருச்சுப்பா" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் பக்கத்தில் என் கையை வைத்தேன். அது உன்னை விட்டுவிட்டு என் கையில் ஏறியது. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. "நான் என்னடா பண்ணட்டும், அது என்கிட்ட பழகிருச்சு" என்றேன்.

நீ என்னையும் அதையும் பார்த்தாய். "உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்க் கை கழுவினாய். அதன் பிறகு நீ அந்தத் தொட்டிக்குள் கை வைக்கவே இல்லை. அம்மா, "பாம்புக்கு என்னத்தடா நன்றி தெரியும், விடு" என்று உன்னைத் தேற்றினாள். நான் அங்கேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. சட்டையை நான் எடுத்தேன் என்று சொன்னால், எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்பாய். உன் வாசனைக்காக எடுத்தேன் என்று பதினோரு வயதுப் பையனிடம் ஓர் அப்பன் எப்படிச் சொல்வது? வெட்கம். அந்த வெட்கத்தில் பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பாம்பை நானே வளர்த்தேன். நீ காலேஜில் இருக்கும்போது அது செத்தது. போனில் சொன்னேன். "ஓ" என்றாய்.

ஆகவே தம்பி, ஜிலேபி உன்னை மறக்கவில்லை. நான்தான் உன்னை அதனிடமிருந்து எடுத்துவிட்டேன். தன்னிடம் பழகிய ஒன்று தன்னை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும் என்ற நினைப்பு அதன் பிறகு உன்னோடு ஒட்டிக்கொண்டது, அதை நான் பார்த்தேன். சண்டை போட்ட சிநேகிதனிடம் மறுபடி போக மாட்டாய். யாராவது ஒருமுறை முகம் திருப்பினால், சரி இருக்கட்டும் என்று கை கழுவிவிடுவாய். போன வாரமும் பாப்பா கடித்த பிறகு, குழாயைத் திறந்து கை கழுவினாய். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பாப்பா விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போன பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு நீ வீடியோவில் கூப்பிடுவாய். ஏழுக்குச் சரியாக நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பூனை பார்க்கக் கீழே போய்விடுவேன். "புள்ள தூங்கிருச்சுன்னு சொல்லிரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். எத்தனை நாள் அப்படி நடந்தது என்று அம்மாவைக் கேள், அவளுக்கு என் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. உன்னிடம் கிடைக்காதது பாப்பாவிடம் கிடைத்தது. என் மூக்கைப் பிடிக்கிறாள், மீசையை இழுக்கிறாள், தூங்கும்போது என் பனியனைக் கையில் சுருட்டிக்கொள்கிறாள். அதை உன்னோடு பங்கு போட எனக்கு மனசு வரவில்லை. நீ முகம் வாடி நின்றபோது, அன்றைக்கு என்னைத் துள்ள வைத்த அதே அல்ப சந்தோஷம்தான் வந்தது. மாறவே மாட்டான் போலிருக்கிறது உன் அப்பன்.

அடுத்த முறை வரும்போது நேராக அவளைத் தூக்காதே. உட்கார். கையைத் தரையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். சீரியல் ஒன்று முழுக்க ஓடட்டும். கடித்தால் கையை இழுக்காதே, தயவுசெய்து குழாயடிக்கும் போகாதே. இதெல்லாம் உன் நோட்டில் உன் கையெழுத்தில் இருந்ததுதான், நான் திருப்பித் தருகிறேன். நாளையிலிருந்து ஏழு மணிக்கு நான் மட்டும் பூனை பார்க்கப் போகிறேன், பாப்பா வீட்டில் இருப்பாள்.

இந்தக் கடிதம் கொண்டுவருகிறவர் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அதுவரை ஒரு சட்டையை மூன்று நாள் கழற்றாமல் போடு. சைட் வியர்வையோடு, துவைக்காமல், ஒரு பையில் கட்டி அவரிடம் கொடுத்துவிடு. பாப்பா படுக்கையில் என் பனியனை எடுத்துவிட்டு அதை வைக்கிறேன். சத்தியமாக வைக்கிறேன், ஆனால் என் சத்தியத்தை நானே முழுசாக நம்பவில்லை. அதனால் இரண்டு சட்டையாக அனுப்பு, தம்பி. ஒன்று பாப்பாவுக்கு.

அப்பா